மணி கேட்காத ஊரில் வேதக்காரராக இருப்பது

நெல்லைச் சீமையில் நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ பிறந்த ஒருவர் கிறிஸ்தவராக இருப்பதற்குத் தனியாக எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் முதல் மணி அடிக்கும், குளிக்கப் போக வேண்டும். இரண்டாம் மணி அடிக்கும், தெருவே கோயிலைப் பார்த்து நடக்கும். போகாமல் படுத்துக் கிடந்தால் மத்தியானத்துக்குள் உபதேசியார், அதாவது குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிப்பவர், வாசலில் நின்று, "தம்பிக்கு மேலுக்குச் சரியில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் விட்டாலும் எதிர்வீட்டுப் பெரியம்மை விடமாட்டாள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாளில் கல்யாணம் வைக்கக் கூடாது என்று யாரும் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவதில்லை. வைத்தால் ஐயர் வரமாட்டார், அவ்வளவுதான். (எங்கள் பக்கம் குருவானவருக்கு ஐயர் என்றுதான் பெயர்.)

அதே ஆள் வேலைக்காக வேளச்சேரிக்கோ ஓசூருக்கோ ஷார்ஜாவுக்கோ போகிறார். முதல் வருஷம் வாராவாரம் கோயில். இரண்டாம் வருஷம் மாதம் ஒருமுறை. மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, ஊரில் அசனம் என்கிற கோயில் விருந்து. "பட்டணம் போய்க் கெட்டுப்போனான்" என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் இருந்தபோது அவருடைய விசுவாசத்தைச் சுற்றிலும் சாரம் கட்டி வேறு பலர் தாங்கிக்கொண்டிருந்தார்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்குச் சாரம் ஒரே நாளில் கழன்றுவிட்டது. அவரிடம் அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

விசுவாசத்தில் உறுதி என்றால் நெஞ்சுரம் என்று பிரசங்கங்களில் சொல்லிக் கேட்கிறோம். நெஞ்சுரம் உள்ளவர்கள் எந்தச் சபையிலும் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். மற்ற ஒன்பது பேரையும் தாங்கியது ஏற்பாடு. நெல்லைச் சீமையின் சபை வரலாறு முழுக்க இதற்குச் சாட்சி.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஒவ்வொரு கடற்கரை ஊராக நடந்தார். எந்த ஊரிலும் நிரந்தரமாகத் தங்க அவரால் முடியாது. அதனால் கர்த்தர் கற்பித்த ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை என்கிற பத்துக் கட்டளை ஆகியவற்றைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஊரைவிட்டுப் போகும்போது ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைக் கூட்டி ஜெபம் சொல்வதும், சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அந்தக் கணக்கப்பிள்ளையின் வேலை. குருவானவர் இல்லாத நாட்களிலும் சபை நடக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையிலும் கதை அதேதான். பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பெயர்கள் உண்டு. 1778-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாளின் பெயர்தான் அதில் முதல் பெயர். கோயில் கட்டி முடிந்தது 1785-இல். அதாவது சுவருக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் வந்துவிட்டது. 1790-இல் சத்தியநாதன் ஐயர் குருவானவராக அபிஷேகம் பெற்றார். 1799-இல் உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் முன்னின்று முதலூரை உண்டாக்கினார். சொந்த ஊரில் அடியும் வீட்டிடிப்பும் தாங்காமல் வந்த வேதக்காரர்கள் ஒதுங்கிப் பிழைக்க ஒரு ஊர் அது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குப் பின் வந்ததுதான் சோதனை. ஏறக்குறைய பத்து வருஷம் இந்தப் பக்கம் நிலையாக இருந்து கவனிக்க மிஷனரி யாருமில்லை. நடுவில் கொள்ளைக் காய்ச்சல் வேறு. பலர் பழைய மாடன் கோயிலுக்கே திரும்பிப் போனார்கள். ஆனாலும் 1816-இல் ஆங்கிலேயரான ஹஃப் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது சுமார் 3,000 கிறிஸ்தவர்கள் மிச்சமிருந்தார்கள். அவர்களை வைத்திருந்தது நாட்டு ஐயர்மாரும் உபதேசியார்களும். ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசித்து, பிள்ளைகளுக்குக் கேள்வி பதில் சொல்லிக் கொடுத்து, செத்தவரை அடக்கம் பண்ணி, பெயரேட்டில் குறித்து வைத்த சாதாரண ஆட்கள்.

மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் வந்ததும் இதையே பெரிதாக்கினார். அடைக்கல ஊர்கள், உபதேசியார் பயிற்சி, 1830-இல் தர்மச் சங்கம். விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுக்கச் சபையார் பணம் சேர்த்த சங்கம் அது. விசுவாசத்துக்காக வீடிழந்தவனிடம் "உறுதியாயிரு" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு குடிசை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தது.

இத்தனையும் சொல்லக் காரணம், வெளியூரில் குடியிருக்கும் குடும்பம் செய்ய வேண்டிய வேலையும் இதேதான் என்பது. பெயரேடு, கணக்கப்பிள்ளை, மணி ஆகிய மூன்றையும் சொந்தமாக ஏற்பாடு பண்ண வேண்டும்.

பெயரேட்டில் தொடங்கலாம், ஏனென்றால் எல்லாரும் தள்ளிப்போடுவது இதைத்தான். ஊரை விட்டுக் கிளம்பும்போது சேகர (சில சபைகள் சேர்ந்த வட்டார) குருவானவரிடம் சபை மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கூடவே ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, கணவன் மனைவிக்குத் திருமணப் பதிவுச் சான்று. போன இடத்தில் முதல் மாதத்திலேயே இவற்றைக் கொடுத்து உறுப்பினராகிவிட வேண்டும். நம் ஆட்கள் பொதுவாகச் செய்வது வேறு. உறுப்பினர் கட்டவேண்டிய சங்கக் காணிக்கையை ஊர்ச் சபைக்கே அனுப்பிக்கொண்டு, பட்டணத்துச் சபையில் பதினைந்து வருஷம் விருந்தாளியாகப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்ப்பற்று என்று அதற்குப் பெயர். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்து, மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்று போய் நிற்கும்போதுதான், "உங்க பேரு நம்ம ரிஜிஸ்டர்ல இல்லையே" என்ற பதில் வரும். ஊர்ச் சபையிலோ மகளை அறிந்தவர் யாருமில்லை.

சான்றுகளை வாங்கும்போதே சரிபார்க்க வேண்டியது பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் 'யோவான் செல்வராஜ்' என்றிருக்கும், பள்ளிச் சான்றிதழில் 'ஜே. செல்வராஜ்' என்றிருக்கும், ஆதாரில் மூன்றாவதாக ஒன்று. ஊரில் ஐயர் மாறுவதற்கு முன்பே, தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே, இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று குருவானவரிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய பதிவேடுகளில் கறையான் விழுந்த பக்கங்கள் உண்டு. உங்கள் வீட்டாருடைய பக்கத்தை ஒருமுறை போய்ப் பார்த்து நகல் எடுத்து வைத்தால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் உதவும்.

ஞானத் தகப்பன், ஞானத் தாய் விஷயத்திலும் ஒரு வார்த்தை. குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் வசதியான மாமாவையும் அமெரிக்காவில் இருக்கும் சித்தியையும் நிறுத்துகிறோம். அந்தப் பிள்ளை 14 வயதில் "நான் ஏன் கோயிலுக்கு வரணும்?" என்று கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூடியவர் யார் என்று பார்த்து நிறுத்துங்கள். நிறுத்துகிறவர்களில் ஒருவராவது பிள்ளை வளரும் ஊரிலேயே இருக்க வேண்டும்.

அடுத்து குடும்ப ஜெபம், வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கணக்கப்பிள்ளையும் மணியும் இதுதான். மற்ற எல்லாம் விழுந்தாலும் இது நின்றால் குடும்பம் நிற்கும், இது விழுந்தால் வாராவாரம் கோயிலுக்குப் போயும் பலனில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊரில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பாய் விரித்து எல்லாரும் உட்காருவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் என்பதில் அர்த்தம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு வைத்தால் பிள்ளைகள் தூங்கும், தகப்பனார் கொட்டாவி விடுவார், அம்மா பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டினால் ஒரு வாரத்தில் அறுந்துபோகும், ஆபீஸ் விட்டு வர ஒருநாள் 7 மணி ஆகும், ஒருநாள் 9 ஆகும். சோற்றுப் பானையோடு கட்டுங்கள். தட்டு வைப்பதற்கு முன் ஜெபம், எத்தனை மணியானாலும்.

மொத்தம் 15 நிமிஷம் போதும். ஒரு கீர்த்தனையில் பல்லவியும் இரண்டு சரணமும், அல்லது பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் மூன்று கவி, 4 நிமிஷம். வேதவாசிப்பு 15 முதல் 20 வசனம், 4 நிமிஷம். ஒருவர் ஜெபம், 5 நிமிஷத்துக்குள். எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம், பிறகு முடிவு வாழ்த்தான கிருபை. பாட்டை நடத்துவது ஒருவர், வாசிப்பது ஒருவர், ஜெபிப்பது ஒருவர் என்று தினமும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் முறை வர வேண்டும். தனக்கு முறை வருகிற பிள்ளை ஓடிப்போகாது.

இது எங்கே கெட்டுப்போகிறது என்று பார்த்தால், முதலாவது, தகப்பனார் பிரசங்கம் பண்ணத் தொடங்குவது. வாசித்த அதிகாரத்தை விளக்குகிறேன் என்று ஆரம்பித்து, மொபைல், மார்க், சிநேகிதர்கள் என்று 40 நிமிஷம் போகும். இரண்டாவது, ஜெபத்திலேயே பிள்ளையைத் திட்டுவது. "ஆண்டவரே, இவன் சொல்பேச்சு கேட்காம திரியிறதை நீர் பார்க்கிறீர்" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், அந்தப் பையனுக்குக் கடவுள் அம்மாவின் கட்சிக்காரராகத்தான் தெரிவார். மூன்றாவது, தொலைபேசியில் வேதாகமம் வாசிப்பது. அதில் தப்பில்லை, ஆனால் மூன்றாம் வசனத்தில் ஒரு வாட்ஸ்அப் வந்து விழும். அச்சுப் புத்தகம் ஒன்று நடுவில் இருக்கட்டும். நான்காவது, ஒருநாள் தவறினால் "இனி எப்படியும் போச்சு" என்று ஒரு மாதம் விடுவது. வாரத்தில் நாலு நாள் நடந்தால் அந்த வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிறது என்றே கணக்கு. இரவு ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இரண்டு நாள் போதும், ஆனால் எந்த இரண்டு நாள் என்பது முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

வாசிப்புத் திட்டத்துக்கு ஒரு கணக்கு. வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23, ஒரு வருஷத்தில் முடியும். ஜனவரி முதல் தேதி எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, நாலு வாரம் ஓடும். ஜனவரி கடைசியில் லேவியராகமம் வரும். பலிகள், தோல் வியாதிச் சட்டங்கள் என்று 27 அதிகாரம், அதைத் தாண்டினால் எண்ணாகமம் 36. பிப்ரவரி நடுவில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள், வருஷா வருஷம். வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு எளிய வழி இது: புதிய ஏற்பாடு 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று என்றால் 52 வாரத்தில் கச்சிதமாக முடியும். சனியும் ஞாயிறும் சங்கீதம். பழைய ஏற்பாட்டைத் தனி வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், நாளுக்கு ஒரு அதிகாரம், இரண்டரை வருஷம் ஆகும், ஆகட்டுமே.

பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராததுதான் இப்போதைய பெரிய இடைஞ்சல். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை பழைய திருப்புதலின் (பழைய வேதாகம மொழிபெயர்ப்பின்) நீண்ட சொற்களில் தடுக்கி விழும். ஆங்கில வேதாகமம் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கொடுத்தால் தாத்தா பாட்டியோடு ஜெபிக்கும் மொழி அந்தப் பிள்ளைக்கு அந்நியமாகும், ஊர்க் கோயிலுக்குப் போனால் உல்லாசப் பயணி போல நிற்கும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான், ஓட்டமாக நடக்கும் கதை. பெரியவர் ஒரு வசனம், பிள்ளை ஒரு வசனம். ஒரு நாளைக்கு 10 வசனத்துக்கு மேல் போகாதீர்கள். புரியாத இடத்தில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்தது, தமிழும் தெளிவு. மனப்பாடத்துக்குப் பழையதே நல்லது, அந்த ஓசை நாக்கில் நிற்கும்.

வளைகுடாவில் தகப்பனார் இருந்தால், ஐக்கிய அரபு அமீரகத்துக்கு ஒன்றரை மணி நேரம், கத்தார், குவைத், சவூதிக்கு இரண்டரை மணி நேரம் நம்மைவிடப் பின்னால் என்பதை வைத்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தொலைபேசியில் பாட்டைத் தொடங்கினால் குரல் முன்னே பின்னே இழுக்கும், அதனால் பாட்டை வீட்டார் பாடட்டும், வாசிப்பை அவர் செய்யட்டும். சவூதியில் வெளிப்படையான ஆலயம் கிடையாது. அங்கே இருப்பவருக்கு இந்த 15 நிமிஷம்தான் சபை.

காணிக்கைக்கும் ஊரில் ஒரு ஏற்பாடு இருந்தது. அம்மா உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். பிடி அரிசி. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தாலும், இரண்டு வேளைக்கு மாதம் 3 கிலோ. 1903-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணமில்லாமல் நம் பணத்தில் நம் ஆட்களைத் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் பக்கம் அனுப்புவது என்று முடிவு பண்ணினார்கள். அரிசிப் பானையில் கைவைத்துப் பழகிய ஜனங்களிடம்தான் அப்படி ஒரு முடிவைச் சொல்ல முடியும். இன்றைக்கு டிசம்பர் 31-ஆம் தேதி ராத்திரி ஒரே தடவையாக ஜிபேயில் அனுப்பிவிடுகிறோம். தொகை பெரிதாக இருக்கலாம், பிள்ளைகள் கண்ணில் அது படுவதே இல்லை. அடுக்களையில் ஒரு டப்பா வையுங்கள், சமைக்கும்போது பத்து ரூபாய் போடுகிற வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள்.

ஞாயிறு ஆராதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும். வெளியூரில் ஒரு சபையைத் தேர்ந்தெடுங்கள், அங்கேயே நில்லுங்கள். ஒரு வாரம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஒரு வாரம் பெரிய ஏசி அரங்கில் எழுப்புதல் கூட்டம், ஒரு வாரம் யூடியூப் என்று சுற்றினால் உங்கள் பிள்ளையின் பெயர் எந்த ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் தெரியாது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்கள் என்ற குழப்பமும் நம் ஆட்களுக்கு உண்டு. குழந்தைப் பருவ ஞானஸ்நானத்தை ஏற்கும் சபைகளில் மறு ஞானஸ்நானம் கிடையாது, பாவமன்னிப்புக்கென்று ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறோம் என்று நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். அவர்கள் பக்கத்திலும் வசன ஆதாரம் இருக்கிறது, எள்ளி நகையாட வேண்டியதில்லை. கூட்டத்தின் சூட்டில் முடிவெடுக்காமல், சொந்தக் குருவானவரிடம் உட்கார்ந்து பேசி, ஆறு மாதம் கழித்து முடிவெடுங்கள்.

இனி உறவுக்காரர் விஷயம். நெல்லைச் சீமையில் முழுக்கக் கிறிஸ்தவக் குடும்பம் என்பது குறைவு. மாமன் வீடு சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டும். உறவை வெட்டிக்கொள்வதை உறுதி என்று நினைப்பவர்களுண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பத்தாம் அதிகாரத்தில் சொன்னது அதைவிட நிதானமானது. விருந்துக்குக் கூப்பிட்டால் போ, வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் சாப்பிடாதே. நடைமுறையில் இதற்கு அர்த்தம்: கல்யாண வீட்டுப் பந்தி, சடங்கு வீட்டு விருந்து, துட்டி (சாவு) வீட்டுக் காரியம் எல்லாவற்றுக்கும் போகலாம், முன்னால் நின்று வேலையும் செய்யலாம். பூசைத் தட்டு வரும்போது கையைக் கூப்பி, "எனக்கு வேண்டாம் அத்தை, தப்பா நினைக்காதீங்க" என்று அவர்கள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னால் போதும். நாலு பேர் பார்க்க முகத்தைத் திருப்புவது விசுவாசமல்ல, மரியாதைக் குறைவு. கொடைக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பூசைச் செலவுக்குக் கொடுக்க மனச்சாட்சி இடம் தராவிட்டால், ஊர்ப் பொதுக்கிணறு, தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக்கு அதே தொகையை அன்றைக்கே கொடுங்கள். கொடுக்காமல் இருப்பதற்கு மதத்தைச் சாக்காகச் சொல்கிறான் என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

பொட்டு, பூ, தாலி பற்றிய சண்டைகளுக்கு நான் நேரம் கொடுப்பதில்லை. தாலியில் புறாவும் சிலுவையும் வேதாகமமும் வைத்து நம் பாட்டிகள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். கிறிஸ்தவராக இருப்பதற்குத் தமிழராக இருப்பதை விடவேண்டியதில்லை என்பது பழைய விவாதம்தான். 1849-இல் கால்டுவெல் ஐயர் நாடார்களைப் பற்றி எழுதியதில் புண்பட்ட சட்டாம்பிள்ளை அருமைநாயகம், 1857-இல் நாசரேத் பக்கம் இந்து கிறிஸ்தவ சபை என்று தனியாகவே தொடங்கினார். அவர் போன வழி முழுக்கச் சரியா என்பது வேறு. மிஷனரிக்குக் கீழ்ப்படிவதும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிவதும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஒரு சண்டைக்கு, சாதியைப் பற்றிய சண்டைக்கு, நேரம் கொடுத்தே ஆகவேண்டும்.

வடக்கன்குளத்தில் 1745-இல் நீலகண்டன் என்பவர் ஞானஸ்நானம் பெற்றார், தேவசகாயம் என்று பெயர். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். சித்திரவதைக்குப் பிறகு 1752 ஜனவரி 14-இல் காற்றாடி மலையில் சுடப்பட்டார். 2022 மே 15-இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார், அறிவிப்பில் 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் இல்லை. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் கட்டிய கோயிலில் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்துச் சுவர் இருந்தது. 1910-இல் அதை இடிக்க வேண்டிவந்தது, வழக்கு வரைக்கும் போனது. சுவர் எழுப்பியவர்களும் தங்களை உறுதியான கிறிஸ்தவர்கள் என்றுதான் நினைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இன்றைக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. மணமேடைக்கு முன் "அவங்க என்ன ஆளுக?" என்று கேட்காத ஞாயிறு பள்ளி சூப்பரின்டெண்ட் எத்தனை பேர்?

இதில் பணக் கணக்கும் இருக்கிறது, அதைப் பேசாமல் உறுதியைப் பற்றிப் பேசுவது அநியாயம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியரையும், 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். படிப்பிலும் வேலையிலும் பஞ்சாயத்திலும் பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய இடம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் ஞானஸ்நானத் தொட்டியோடு போகும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், கிறிஸ்தவ வழிபாட்டில் இருந்துகொண்டு பட்டியல் சாதிச் சான்று கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில் முடியாது என்றே சொல்லிவிட்டது. நாடார் குடும்பத்துக்கு இந்த இழப்பு இல்லை. இந்து நாடாரும் கிறிஸ்தவ நாடாரும் ஒரே பிற்பட்டோர் பட்டியலில்தான். ஆகவே முன் பெஞ்சில் இருப்பவர் பின் பெஞ்சைப் பார்த்து, "சர்டிபிகேட்டுக்காக ஆண்டவரை மறுதலிக்கிறான்" என்று சொல்வது, தன் பையிலிருந்து ஒரு பைசா போகாதவர் சொல்லும் பேச்சு.

சபை செய்யக்கூடியது உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு சேர்த்து, கிறிஸ்தவரான ஆதிதிராவிட மாணவருக்கும் தமிழக அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் திறக்கும் மாதத்தில் சேகர அறிவிப்பில் வாசித்து, நிரப்பத் தெரிந்த வாலிபர் இருவரை ஆராதனைக்குப் பின் உட்கார வையுங்கள். நம் பள்ளி கல்லூரிகளின் வேலைவாய்ப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கேளுங்கள். தர்மச் சங்கம் குடிசை போட்டுக் கொடுத்ததுபோல இது.

உபத்திரவம் என்றால் தடியடி என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் வழுக்குவது சின்ன இடங்களில். பிள்ளைக்குக் காய்ச்சல் பத்து நாள் இறங்கவில்லை, யாரோ கயிறு மந்திரித்துத் தருகிறார். வரன் அமையவில்லை, ஜாதகம் எழுதாத வீட்டில் ரகசியமாக நட்சத்திரம் தேடுகிறார்கள். பால் காய்ச்ச ராகு காலம் பார்க்கிறார்கள், கேட்டால் "பெரியவங்க மனசு" என்பார்கள். இந்த நேரங்களில் மனசு தளர்ந்திருக்கும், யோசிக்க வராது. ஆகவே முன்னமே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நோய் என்றால் முதலில் மருத்துவமனை, அன்றைக்கே குருவானவருக்குத் தகவல். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தின்படி மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபம். வீடு கட்டினால் பிரதிஷ்டை ஜெபத்துக்கு ஐயருக்கு வசதியான தேதிதான் தேதி, மண்டபக்காரரிடம் போவதற்கு முன் அவரிடம் போங்கள். வேற்று மதத்தவரைக் கட்டுவதென்றால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவசர ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி ஐயரை நெருக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு விருப்பமிருந்தால் ஆறு மாதம் ஆயத்த வகுப்பு, விருப்பமில்லை என்றால் தனித் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவுத் திருமணம். பொய்யாக வாங்கிய ஞானஸ்நானம் இருவருக்கும் பிற்காலத்தில் சுமை.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத அடக்க விஷயம். வெளியூரில் இருப்பவர் எங்கே அடக்கம் பண்ணவேண்டும் என்று சொல்லி வைக்காமல் போனால், பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சண்டை போடுவார்கள். பட்டணத்தில் கல்லறை இடம் சுருங்கிவிட்டது, சபை உறுப்பினர் அல்லாதவருக்கு இடம் கிடைப்பது கடினம். ஊருக்கே கொண்டுபோவதென்றால் சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல், வண்டியில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். மருத்துவரின் இறப்புச் சான்றும் சபை உறுப்பினர் அட்டையும் கையில் இருக்க வேண்டும். வண்டி கிளம்புவதற்கு முன்பே ஊர்ச் சேகர குருவானவரிடம் பேசி, அடக்க ஆராதனை நேரத்தையும் குழி வெட்டும் ஏற்பாட்டையும் உறுதிப்படுத்த வேண்டும். சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் அங்கே அதுவும் பேச்சாகும். இந்த விவரங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஞானஸ்நானச் சான்றுகள் இருக்கும் அதே கவரில் போட்டு, கவர் எங்கே இருக்கிறது என்று மூத்த பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.